ஷட்டவுன் நேரத்தில் சம்பளம் நின்றால் செய்யக் கூடாதவை

2025 அக்டோபர் 1-ஆம் தேதி, செலவுக்கு நாடாளுமன்றம் பணம் ஒதுக்காததால் அமெரிக்க மத்திய அரசு முடங்கியபோது (இதைத்தான் ஷட்டவுன் என்கிறோம்), எங்கள் அலுவலகத்தில் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகளே ஆன பிள்ளைகள் பலர் முதன்முதலாகச் சம்பளமில்லாத மாதத்தைப் பார்த்தார்கள். அவர்கள் செய்த தவறுகளில் புதிதாக எதுவும் இல்லை. 2013-இல் 16 நாள், அப்புறம் 2018 டிசம்பர் 22-இலிருந்து 2019 ஜனவரி 25 வரை 35 நாள் என்று அரசு மூடிக் கிடந்தபோது, வாஷிங்டன் வட்டாரத்தில் நாங்கள் எல்லோரும் பட்டுத் தெரிந்துகொண்டவைதான். இந்த முறை 43 நாள் இழுத்ததால் அடியும் பலமாக விழுந்தது.

ஹோட்டல் சாப்பாட்டை நிறுத்துங்கள், சந்தாக்களை ரத்து செய்யுங்கள் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. கையில் காசு குறைந்தால் அது தானாகவே புத்தியில் படும். செய்த பிறகு திருத்த முடியாத காரியங்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் ஒன்று. நேரடி அரசு ஊழியருக்கு ஷட்டவுனில் சம்பளம் தள்ளிப்போகிறது, போய்விடுவதில்லை. ஃபர்லோ என்று வீட்டில் உட்கார வைக்கப்பட்டவருக்கும், சம்பளமில்லாமல் வேலைக்கு வரச் சொல்லப்பட்டவருக்கும் பாக்கியைக் கொடுத்தாக வேண்டும் என்று 2019-லேயே சட்டம் வந்துவிட்டது. 2025-இல் அந்தச் சட்டத்துக்கு வேறு பொருள் சொல்லும் பேச்சு வெள்ளை மாளிகைப் பக்கமிருந்து வந்தது உண்மை. ஆனால் நவம்பர் 12-ஆம் தேதி முடக்கத்தை முடித்த சட்டத்திலேயே பாக்கிச் சம்பளம் உறுதியாகிவிட்டது. ஆகவே பணம் வரும், எந்தத் தேதியில் என்பதுதான் தெரியாது. நடுவில் இருக்கும் சில வாரங்களைத் தாண்டுவதற்காக, காலத்துக்கும் ஈடுகட்ட முடியாத நஷ்டத்தை வாங்கிக்கொள்ளக் கூடாது.

ஓய்வுக்காலப் பணத்தில் கை வைப்பது

இதைத்தான் என்னால் இன்னும் சகித்துக்கொள்ள முடியவில்லை.

அரசு ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கான டி.எஸ்.பி.யில், நெருக்கடிக்கு என்று பணத்தை எடுத்துக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. 2019 ஜனவரியில், இரண்டாவது சம்பளமும் வராது என்று தெரிந்த வாரத்தில், என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவன் போன் செய்தான். "அக்கா, டி.எஸ்.பி.யிலேர்ந்து ஆறாயிரம் எடுத்துட்டேன். நம்ம பணம்தானே, யாருக்கு என்ன வட்டி கட்டணும்?" என்றான். டேகேர் கட்டணம், மார்ட்கேஜ், கார் தவணை என்று மூன்று கெடுவும் ஒரே வாரத்தில் வந்து நின்றதால் பயந்துவிட்டான். பயந்தது நியாயம். எடுத்த இடம்தான் தப்பு.

கணக்கைப் பாருங்கள். அபராதமில்லாமல் எடுக்க வேண்டிய 59½ வயதுக்கு அவன் வெகு கீழே. மேரிலாந்து மான்ட்கோமரி கவுண்டியில் வீடு, 22 சதவீத வரி அடுக்கு. எடுத்த 6,000 டாலரும் அந்த ஆண்டு வருமானத்தில் சேர்ந்துவிடும். மத்திய வரி 1,320. வயதுக்கு முன்பே எடுத்ததற்கு 10 சதவீதம் அபராதம், 600. மாநிலமும் கவுண்டியும் சேர்ந்து சுமார் 475. மொத்தத்தில் ஏறக்குறைய 2,400 டாலர், அதாவது எடுத்ததில் ஐந்தில் இரண்டு பங்கு, போயே போய்விட்டது. முன்கூட்டி 10 சதவீதம் மட்டும் பிடித்துக்கொண்டு 5,400 கையில் கொடுத்ததால், மீதி வரி வரப்போகிறது என்பதே அவனுக்கு அப்போது உறைக்கவில்லை. அடுத்த ஆண்டு, எடுத்த பணத்தை வரிக் கணக்குக்காகக் காட்டும் 1099-ஆர் படிவம் தபாலில் வந்தது. அதில் 7-ஆம் கட்டத்தில் '1' என்று இருந்தது. வயதுக்கு முன்பே எடுத்த பணம் என்பதற்கான குறியீடு அது. அந்த ஓர் எண்தான் அபராதத்தைக் கூட்டி வருகிறது.

இதோடு முடியவில்லை. அன்றைய விதிப்படி, நெருக்கடிக்கு என்று எடுத்தவர் ஆறு மாதம் டி.எஸ்.பி.யில் பணம் போடவே முடியாது. நாம் போடாவிட்டால் அரசு ஈடாகப் போடும் 4 சதவீதமும் நின்றுவிடும். ஆண்டுக்கு 90,000 டாலர் சம்பளக்காரருக்கு அது ஆறு மாதத்தில் 1,800 டாலர். அந்த விதியை 2019 செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள். அதனால் 2025-இல் எடுத்தவர்கள் இந்த ஒரு அடியிலிருந்து தப்பினார்கள். மற்றவை அப்படியேதான் இருக்கின்றன. முக்கியமாக, எடுத்த பணத்தைத் திருப்பிப் போட வழியே கிடையாது. ஜனவரி 25-ஆம் தேதி முடக்கம் முடிந்து, அடுத்த சில நாட்களில் பாக்கிச் சம்பளம் அவன் கணக்கில் விழுந்தது. எடுத்த தொகைக்கு மேலேயே கையில் இருந்தது. அவன் அதை டி.எஸ்.பி.க்குத் திருப்பி அனுப்ப முடியுமா என்று கேட்டான். முடியாது. ஆண்டுக்கு 7 சதவீதம் வளரும் என்று வைத்துக்கொண்டால், அந்த 6,000 டாலர் 25 ஆண்டில் 32,000-ஐத் தாண்டியிருக்கும்.

அதே வாரத்தில் நேவி ஃபெடரல் போன்ற கிரெடிட் யூனியன்கள் (உறுப்பினர்களே நடத்தும் கூட்டுறவு வங்கிகள்) ஷட்டவுனில் மாட்டியவர்களுக்கு வட்டியே இல்லாமல் 6,000 டாலர் வரை கொடுத்துக்கொண்டிருந்தன. பாக்கிச் சம்பளம் வந்ததும் திருப்பிக் கட்டினால் போதும். ஆனால் இப்படிப்பட்ட கடன்கள், சம்பளம் ஏற்கெனவே டைரக்ட் டெபாசிட்டாக அங்கே வந்துகொண்டிருக்கும் உறுப்பினர்களுக்குத்தான். தம்பி ஒரு கிரெடிட் யூனியனில் ஐந்து டாலர் போட்டு உறுப்பினராகத்தான் இருந்தான். சம்பளம் மட்டும் வேறொரு வங்கிக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும் வேலை, அதுவும் அரசு திறந்திருந்த காலத்தில்.

2025-இலும் இதே கதையை வேறு வேறு முகங்களிடம் கேட்டேன். "நம்ம பணம்தானே" என்ற அதே வார்த்தை. உங்கள் பணம்தான். அறுபது வயதில் சம்பளம் இல்லாமல் நிற்கப்போகும் உங்களுடையது. வேறு வழியே இல்லை என்றால் டி.எஸ்.பி.யிலிருந்து கடனாக எடுக்க முடியுமா என்று பாருங்கள். கட்டும் வட்டி உங்கள் கணக்குக்கே திரும்பும். ஷட்டவுனால் தவணை பிடிபடாமல் போனால் உடனே வரி விழாது, அவகாசம் உண்டு. ஆனால் வேலையை விடும்போது பாக்கி இருந்து, அதைக் கட்டவில்லை என்றால் வரி உண்டு. அதையும் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாதிச் சம்பளத்தைப் பார்த்து ஏமாறுவது

2025 அக்டோபரில் முதலில் வந்தது செப்டம்பர் 30 வரைக்குமான துண்டுச் சம்பளம். "ஏதோ வந்ததே" என்று பலர் அந்த இரண்டு வாரமும் வழக்கம்போலச் செலவு செய்தார்கள். அடுத்து இரண்டு முழுச் சம்பளம் வரவில்லை. ஷட்டவுன் கணக்கு முதல் நாளிலிருந்தே ஓடுகிறது, காலியான சம்பளத் தேதியிலிருந்து அல்ல.

கெடு தாண்டிய பிறகு போன் செய்வது

மார்ட்கேஜ் நிறுவனம், கார்க் கடன், கிரெடிட் கார்டு, வீட்டு உரிமையாளர், எல்லோரையும் கெடுவுக்கு முன்பே கூப்பிட வேண்டும். முன்பே கேட்டால் ஒரு மாதம் தள்ளிவைப்பு, தாமதக் கட்டணத் தள்ளுபடி என்று ஏதாவது கிடைக்கும். கெடு முடிந்து 30 நாள் ஆகிவிட்டால் கிரெடிட் அறிக்கையில் ஏறும், ஏழு ஆண்டு அங்கேயே இருக்கும். அரசின் பணியாளர் அலுவலகமான ஓ.பி.எம். கடன் கொடுத்தவர்களுக்கு எழுத மாதிரிக் கடிதமே வெளியிடுகிறது. அதை எடுத்து, ஃபர்லோ அறிவிப்பின் நகலைச் சேர்த்து அனுப்புங்கள்.

செக்யூரிட்டி கிளியரன்ஸ், அதாவது ரகசியத் தகவல்களைக் கையாளும் அனுமதி, வைத்திருப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். கட்டாத கடன் கிளியரன்ஸ் பரிசீலனையில் கட்டாயம் கேட்கப்படும். நம் கையில் இல்லாத காரணத்தால் நெருக்கடி வந்தது, அப்போது பொறுப்பாக நடந்துகொண்டோம் என்று காட்ட முடிந்தால் அது நமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளப்படும். அதற்கு அந்தக் கடிதமும், போனில் பேசியவர் பெயரும் தேதியும் உங்களிடம் இருக்க வேண்டும்.

தவணையைக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் ஆட்டோபேயை மறக்காதீர்கள். காலிக் கணக்கில் மோதித் திரும்பும் ஒவ்வொரு தவணைக்கும் தனிக் கட்டணம்.

கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுப்பது, பேடே கடன் வாங்குவது

வேண்டாம். முதலாவதில் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். இரண்டாவது, அடுத்த சம்பளத்தை நம்பி வாங்கும் குறுகிய காலக் கடன்; அதில் பல மாநிலங்களில் வட்டி ஆண்டுக்கு 400 சதவீதத்தை நெருங்கும்.

வேலையில்லா உதவியைக் கூடுதல் வருமானம் என்று எண்ணுவது

ஃபர்லோவில் இருப்பவர் வேலையில்லா உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், விண்ணப்பிக்கவும் வேண்டும். மேரிலாந்தில் வாரத்துக்கு அதிகபட்சம் 430 டாலர். எங்கே விண்ணப்பிப்பது என்பதில் பலர் ஒரு வாரத்தை வீணடிக்கிறார்கள். வீடு எங்கே என்பது கணக்கில் இல்லை, அலுவலகம் எங்கே என்பதுதான். மேரிலாந்து ராக்வில்லில் குடியிருந்து வாஷிங்டன் டி.சி.யில் வேலை பார்ப்பவர் டி.சி.யில்தான் போட வேண்டும். வேலையில்லா உதவிக்காக அலுவலகம் கொடுக்கும் எஸ்.எஃப்-8 படிவத்தையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளமில்லாமல் முழுநேரம் வேலைக்குப் போகிறவருக்கு இது கிடைக்காது. அப்படிப்பட்டவர்களுக்காக மேரிலாந்து மாநிலம் 700 டாலர் வட்டியில்லாக் கடன் கொடுத்தது.

பாக்கிச் சம்பளம் வந்ததும் வாங்கிய உதவித்தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். வந்த காசை வீட்டுச் செலவில் கரைத்துவிட்டு, பாக்கிச் சம்பளத்தையும் கரைத்துவிட்டு, சில மாதம் கழித்து மாநிலத்திடமிருந்து கடிதம் வந்ததும் திகைத்து நிற்பவர்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

ஊரில் கிடக்கும் பணத்தைக் கைக்காசு என்று நம்புவது

இது நம் ஆட்களுக்கே உரியது. சென்னையில் ஒரு ஃபிளாட், என்.ஆர்.இ. வைப்புநிதி (வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை இந்திய வங்கியில் போட்டு வைப்பது), கொஞ்சம் நகை. கேட்டால் "ஆறு மாதச் சேமிப்பு இருக்கிறது" என்பார்கள். ஃபிளாட்டின் தவணை ஷட்டவுனுக்காக நிற்காது, அது செலவுப் பக்கம். என்.ஆர்.இ. வைப்பை ஓராண்டுக்கு முன் உடைத்தால் வட்டியே கிடையாது. பணம் இங்கே வந்து சேர நாளும் ஆகும். மார்ட்கேஜ் கெடு அன்று எடுத்துக் கட்டக்கூடிய டாலர், இங்குள்ள சேமிப்புக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது? அதை மட்டும் எண்ணுங்கள்.

"மாதச் சம்பளத்தில் மிச்சமே இல்லை" என்று விட்டுவிடுவது

அமெரிக்க மத்திய வங்கியின் 2024-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், திடீரென வரும் 400 டாலர் செலவை ரொக்கமாகவோ அதற்கு நிகராகவோ சமாளிப்போம் என்றவர்கள் 63 சதவீதம். மூன்று மாதச் செலவுக்கு ஒதுக்கி வைத்திருப்பதாகச் சொன்னவர்கள் 55 சதவீதம். நல்ல சம்பளக்காரர் வீட்டிலும் இதே நிலைதான். பெரிய மார்ட்கேஜ், இரண்டு கார், டேகேர் என்று எல்லாமே சம்பளத் தேதியை நம்பித்தான் ஓடுகின்றன.

ஆறு மாதச் சேமிப்பு என்ற இலக்கைக் கேட்டே பலர் மலைத்துப்போய் ஒன்றும் செய்வதில்லை. ஷட்டவுனுக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. 43 நாள் என்பது ஏறக்குறைய மூன்று சம்பளம். நமக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று ஆண்டுக்கு 26 சம்பளம் வருகிறது. மாதச் செலவை இரண்டு சம்பளத்துக்குள் அடக்கினால் 24 போதும். ஆண்டில் இரண்டு மாதங்களில் மூன்றாவது சம்பளம் ஒன்று வரும். அந்த மூன்றாவதைத் தொடாமல் தனிக் கணக்குக்கு அனுப்புங்கள். இரண்டு ஆண்டில் நான்கு சம்பளம் சேர்ந்துவிடும். காலண்டரில் அந்த இரண்டு மாதங்களையும் இன்றைக்கே வட்டமிட்டு வையுங்கள், இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட் எடுப்பதில் போய்விடும்.

மருத்துவக் காப்பீடு போய்விடும் என்று பயந்து தனியாக வாங்குவது

போகாது. சம்பளம் வராத காலத்துக்கான பிரீமியத்தைப் பிறகு பிடித்துக்கொள்வார்கள்.

ஒப்பந்த ஊழியர் எங்களைப் பார்த்துத் தைரியமாக இருப்பது

கான்ட்ராக்டர்களுக்குப் பாக்கிச் சம்பளச் சட்டம் பொருந்தாது. போன நாள் போனதுதான். அதனால் அவர்களுக்கு நான் சொல்லும் சேமிப்பு இதைவிட இரண்டு மடங்கு.

எச்-1பி விசாவில், அதாவது ஒரு நிறுவனத்தின் பேரில் கிடைக்கும் வேலை விசாவில், இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வேலை இல்லை என்பதற்காக நிறுவனம் உங்கள் சம்பளத்தை நிறுத்த முடியாது, கொடுத்தாக வேண்டும். நீங்களே விரும்பி விடுப்பு கேட்டால்தான் அந்தக் கடமை அவர்களுக்கு இல்லை. அதனால்தான் சில நிறுவனங்கள் "சொந்த விருப்பத்தின் பேரில் சம்பளமில்லா விடுப்பு" என்ற தாளை நீட்டுகின்றன. வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். அவசரத்துக்கு ஊபர் ஓட்டுவதும் கூடாது, விசாவே போகும். வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்றாலும், அதற்குத் தேவையான தொழிலாளர் துறைச் சான்று 2025 அக்டோபரில் ஏறக்குறைய மாதம் முழுவதும் கிடைக்கவில்லை.

பாக்கிச் சம்பளத்தை போனஸாக நினைப்பது

மூன்று சம்பளம் ஒரே தொகையாகக் கணக்கில் விழும்போது பெரிதாகத் தெரியும். முதலில் சம்பளச் சீட்டை எடுத்து, வேலை நேரமும் பிடித்தங்களும் சரியா என்று வரிவரியாகப் பாருங்கள். அவசரத்தில் போடும் கணக்கில் தப்பு வரும். அப்புறம் வட்டியில்லாக் கடன், உதவித்தொகை, தள்ளிவைத்த தவணைகள், கார்டில் ஏறிய மளிகை என்ற வரிசையில் அடையுங்கள். பல வீடுகளில் அதற்கு மேல் நிற்பது அரைச் சம்பளம்தான். அதைச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடுங்கள். 2025 நவம்பர் 12-ஆம் தேதிச் சட்டம்கூடப் பெரும்பாலான துறைகளுக்கு 2026 ஜனவரி 30 வரைதான் பணம் ஒதுக்கியது. அதாவது பாக்கி வந்த கையோடு அடுத்த கெடுவுக்கு இருந்தது பதினோரு வாரம்.