உயிருள்ள பாக்டீரியாவை வைத்து நச்சைக் கண்டறியும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணீரில் நச்சு இருக்கிறதா என்று பார்க்க உயிருள்ள பாக்டீரியாவையே கருவியாகப் பயன்படுத்தும் முறை புதிதல்ல. 1970களின் கடைசியில் அமெரிக்காவில் உருவான மைக்ரோடாக்ஸ் சோதனை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அந்த வகைச் சோதனைக்கு ஐஎஸ்ஓ 11348 என்ற சர்வதேசத் தரநிலையே உண்டு. செலவு குறைவு, பதிலும் சீக்கிரம் கிடைக்கும் என்பதால் இறுதியாண்டு புராஜெக்டுக்கு இதை எடுக்க நினைக்கும் மாணவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பாக்டீரியா நமக்குச் சொல்வது தன் உடல்நிலையை மட்டும்தான். தண்ணீரின் நிலையை அதிலிருந்து நாம்தான் ஊகிக்கிறோம். கீழே வரும் தவறுகள் எல்லாமே அந்த ஊகத்தில் நடப்பவை.

முதலில் எந்த வகைச் சோதனை செய்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். மைக்ரோடாக்ஸில் பயன்படும் அலிவிப்ரியோ ஃபிஷெரி கடலில் வாழும் பாக்டீரியா. அது இயல்பாகவே நீலப்பச்சை நிறத்தில் ஒளிரும், நச்சு பட்டால் மங்கும். எந்த நச்சு என்று அதனால் சொல்ல முடியாது. துத்தநாகம் என்ற உலோகமும் ஃபீனால் என்ற கரிமச் சேர்மமும் அதற்கு ஒன்றுதான். இன்னொரு வகை, ஒரு குறிப்பிட்ட நச்சுக்கென்றே மரபணு மாற்றி உருவாக்கப்படுவது. ஈ.கோலை பாக்டீரியாவில் ஆர்சனிக்கை வெளியே தள்ளும் மரபணுக்கள் இருக்கின்றன. ஆர்ஸ்-ஆர் என்ற புரதம் டிஎன்ஏவில் உட்கார்ந்து அவற்றை அடக்கி வைத்திருக்கும். ஆர்சனிக் வந்து ஒட்டியதும் அந்தப் புரதம் விலகும், மரபணுக்கள் வேலை செய்யத் தொடங்கும். அந்த இடத்தில் ஒளிரும் மரபணுவைக் கோத்துவிட்டால், ஆர்சனிக் வந்ததும் செல் ஒளிரும். ஒன்றில் இருட்டு ஆபத்து, மற்றதில் ஒளி ஆபத்து.

இந்த இரண்டாவது வகையில்தான் மிக மோசமான தவறு நடக்கிறது: ஒளி வரவில்லை, ஆகவே தண்ணீர் நல்லது என்று எழுதிவிடுவது. செத்த பாக்டீரியாவும் ஒளிராது. நச்சு மிக அதிகமாக இருந்தாலோ, ஆர்சனிக்கோடு வேறொரு கொல்லி கலந்திருந்தாலோ, செல் ஒளிர்வதற்கு முன்பே மடிந்துவிடும். கழிவுநீரை அப்படியே வைத்தால் இருட்டு, அதையே பத்து மடங்கு நீர்த்து வைத்தால் பளிச்சென்று ஒளி என்பது நடக்கக்கூடியது. நீர்க்காமல் பார்த்தவர் அதைப் பாதுகாப்பானது என்று சொல்லியிருப்பார். இதற்கு இரண்டு காப்புகள் உண்டு. எப்போதும் ஒளிர்ந்துகொண்டே இருக்கும் இன்னொரு பாக்டீரியா வகையை அதே நீர் மாதிரியில் (சாம்பிளில்) வைத்துப் பாருங்கள். அது மங்கினால் செல்கள் சாகின்றன என்று பொருள். அடுத்து, அதே மாதிரியில் தெரிந்த அளவு ஆர்சனிக்கை நீங்களே சேர்த்துப் பாருங்கள். அப்போதும் ஒளி வரவில்லை என்றால் முடிவு 'நச்சு இல்லை' அல்ல, 'சோதனை செல்லாது'. இந்த இரண்டு கன்ட்ரோலும் இல்லாத அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

அடுத்த தவறு ஆய்வகத்துக்கு வெளியே, கிணற்றடியிலேயே நடந்துவிடுகிறது. ஆர்சனிக் உள்ள நிலத்தடி நீரில் பெரும்பாலும் இரும்பும் கரைந்திருக்கும். அடிபம்பிலிருந்து வரும்போது தெளிவாக இருக்கும் நீர், பாட்டிலில் காற்று பட்டுக் கொஞ்ச நேரத்தில் மஞ்சளித்து, அடியில் துருநிறப் படிவாகும். ஆர்சனிக் அந்தப் படிவில் ஒட்டிக்கொள்ளும். மேலே உள்ள தெளிந்த நீரை எடுத்துச் சோதித்தால் பாக்டீரியா அமைதியாக இருக்கும், பாட்டிலின் அடியில் விஷம் கிடக்கும். வியட்நாமில் செவ்வாறு, மேகாங் ஆறு ஆகியவற்றின் கழிமுகப் பகுதிகளிலிருந்து 194 நிலத்தடி நீர் மாதிரிகளை ஆர்சனிக்குக்கு ஒளிரும் ஈ.கோலையை வைத்துச் சோதித்த ஆய்வு 2005இல் வெளியானது. அதில் மாதிரி எடுக்கும்போதே நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஹெச்சை (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 2க்கு இறக்கி இரும்பைக் கரைந்த நிலையில் வைத்தார்கள். சோதனைக்கு முன் அமிலத்தை நடுநிலையாக்கி, இரும்பு மறுபடி படியாமலிருக்கப் பைரோபாஸ்பேட் என்ற உப்பைப் பயன்படுத்தினார்கள். நடுநிலையாக்குவதை மறந்தால் அமிலமே பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

வளர்ப்பு ஊடகத்தையும் கவனியுங்கள். ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படும் எல்பி (LB) போன்ற சத்து மிகுந்த ஊடகத்தில் உள்ள புரதத் துணுக்குகள் உலோக அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாஸ்பேட் அதிகமாக இருந்தால் ஆர்சனேட் (ஆர்சனிக்கின் ஒரு வடிவம்) செல்லுக்குள் நுழைவதே குறையும், ஏனென்றால் இரண்டும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போகின்றன. காய்ச்சி வடித்த நீரில் அளவுத்திருத்தக் கோடு (எவ்வளவு ஆர்சனிக்குக்கு எவ்வளவு ஒளி என்று காட்டும் வரைபடம்) வரைந்துவிட்டு, அதைக் கிணற்று நீருக்குப் பொருத்துவதும் இதே ரகம். ஆர்சனிக் இல்லாத, மற்றபடி உங்கள் மாதிரியைப் போன்ற நீரில்தான் அந்தக் கோட்டை வரைய வேண்டும். குடிநீரில் ஆர்சனிக்குக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அந்த எண்ணுக்கு மேலும் கீழும் புள்ளிகள் நெருக்கமாக இருக்கட்டும்.

மங்கும் வகைச் சோதனையில் பொய் எச்சரிக்கைதான் தொல்லை. ஃபிஷெரி கடல்வாசி என்பதால் மாதிரியில் 2 சதவீத உப்பு வேண்டும். ஆற்று நீரை அப்படியே ஊற்றினால் நச்சு இல்லாமலே மங்கும். குழாய்த் தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரினும் அதைத்தான் செய்யும், கொஞ்சம் சோடியம் தயோசல்பேட் சேர்த்து அதை நீக்கிவிடலாம். திருப்பூர் பக்கத்துச் சாயக்கழிவை எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: சிவப்பு, ஆரஞ்சு சாயங்கள் நீலப்பச்சை ஒளியை விழுங்கிவிடும். பாக்டீரியா நலமாக ஒளிர்ந்துகொண்டிருக்கும், மீட்டரில் மட்டும் எண் இறங்கும். மாதிரியும் பாக்டீரியாவும் கலக்காமல், ஒளி மாதிரியைக் கடந்து வரும்படி வைத்து ஒருமுறை அளந்தால் நிறத்தின் பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். நேரத்திலும் அவசரம் கூடாது. ஃபீனால் 5 நிமிடத்தில் வேலையைக் காட்டும், துத்தநாகம் போன்ற உலோகங்களுக்கு 30 நிமிடம் வரை பொறுக்க வேண்டும். வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ். நம் ஊர் அறை வெப்பத்தில் செய்த சோதனையை நூல்களில் உள்ள எண்களோடு ஒப்பிடக்கூடாது.

வரம்புக்கு அருகில் வரும் மாதிரிகளையும், பாக்டீரியா ஆபத்து என்று காட்டியவற்றையும் உலோக அளவைத் துல்லியமாகச் சொல்லும் அணு உறிஞ்சல் நிறமாலைமானியிலோ ஐசிபி-எம்எஸ் (ICP-MS) கருவியிலோ கட்டாயம் உறுதிசெய்யுங்கள். ஒரு குடும்பத்திடம் 'இந்தக் கிணற்றில் குடிக்காதீர்கள்' என்றோ 'குடிக்கலாம்' என்றோ சொல்வது ஒளிமீட்டரின் ஒற்றை எண்ணை வைத்துச் செய்கிற காரியமல்ல.

மரபணு மாற்றிய பாக்டீரியாவைக் களத்துக்குத் திறந்த குழாயில் கொண்டுபோகவே கூடாது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உருவாகி வங்கதேசத்தில் சோதிக்கப்பட்ட ஆர்சோலக்ஸ் என்ற ஆர்சனிக் சோதனை கிட்டில், உறைய வைத்து உலர்த்திய பாக்டீரியா மூடிய குப்பிக்குள்ளேயே இருக்கும். இந்தியாவில் இந்த வேலைக்கு, மரபணு மாற்றிய உயிரிகளுக்கான 1989ஆம் ஆண்டு விதிகளின்படி நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சோதனை முடிந்த குப்பிகளை 121 டிகிரி செல்சியஸில் ஆட்டோகிளேவ் செய்தபிறகே (அழுத்த நீராவியில் கிருமி நீக்கிய பிறகே) அப்புறப்படுத்துங்கள். அதன்பிறகும் ஆர்சனிக் உள்ளேதான் இருக்கும் என்பதால் அந்தக் கழிவைச் சிங்க்கில் ஊற்றாமல் ரசாயனக் கழிவாகத் தனியே சேர்த்து வையுங்கள்.