காட்டு மரத்தில் ஏறிய கடல் சத்தை அளப்பது எப்படி?

பசிபிக் சால்மன் மீனின் உடல் எடையில் 95 சதவீதத்துக்கு மேல் கடலில் சேர்ந்தது. முட்டையிட ஆற்றில் ஏறி, அங்கேயே மடிகிறது. கரடிகள் அதைக் கரைக்கு இழுத்து, மூளையையும் முட்டையையும் தின்றுவிட்டு மிச்சத்தைக் காட்டில் போட்டுப் போகும். அதிலுள்ள தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், மண்வழியே மரத்துக்கு ஏறுகிறது. சால்மனில் நைட்ரஜன்-15 என்ற கனமான ஐசோடோப், அதாவது அதே தனிமத்தின் எடை கூடிய அணுவகை, சற்றுக் கூடுதல் என்பதால் இலையில் அதைத் தேடலாம்.

முதலில் ஒப்பீட்டு இடம். மீன் தாண்ட முடியாத அருவியுள்ள ஆற்றைத் தேர்ந்தெடுங்கள். அருவிக்கு மேலும் கீழும் மண், சரிவு, மரவகை மூன்றும் ஒத்திருக்க வேண்டும். இதில் தவறினால் எந்தக் கருவியாலும் ஈடுகட்ட முடியாது.

இரு பகுதியிலும் கரையிலிருந்து 5, 25, 50, 100 மீட்டரில் ஒரே இன மரங்களில், வெயில் படும் கிளையின் அவ்வாண்டு இலைகளைப் பறியுங்கள். ஒவ்வொரு தூரத்திலும் 5 மரமாவது வேண்டும். தாள் உறையே நல்லது. பிளாஸ்டிக் பையில் பூசணம் பிடிக்கும். மீனைத் தொட்ட கையுறையோடு இலையைத் தொடாதீர்கள். கரடி நடமாடும் இடத்துக்குத் தனியே போகவே கூடாது.

60 டிகிரி செல்சியஸில் 48 மணி நேரம் உலர்த்தி, மாவாக அரைத்து, சுமார் 3 மில்லிகிராமைத் தகரக் குப்பியில் மடித்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஒப்பிட மீன் தசையும் வேண்டும்; அது 1 மில்லிகிராம் போதும்.

ஆய்வகம் தருவது, காற்றின் நைட்ரஜனை 0 என வைத்து, நைட்ரஜன்-15 அதைவிட ஆயிரத்தில் எத்தனை பங்கு கூடுதல் அல்லது குறைவு என்ற எண். இந்த அளவுகளில், கீழ்ப்பகுதி இலையிலிருந்தும் மீனிலிருந்தும் மேல்பகுதி இலையின் அளவைக் கழித்து, முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். கீழ்ப்பகுதி இலை 1.5, மேல்பகுதி இலை −2, மீன் 12 என்றால் 3.5 ÷ 14, அதாவது 25 சதவீதம்.

அதிகம் ஏமாற்றுவது ஈர மண்தான். அங்கே நுண்ணுயிர்கள் லேசான நைட்ரஜனை வாயுவாக வெளியேற்ற, கனமானது தங்கிவிடும். மீனே வராத இடத்திலும் எண் உயரும். அதனால் ஒரே தூரத்து, ஒரே ஈரப்பத மரங்களையே ஒப்பிடுங்கள். ஆல்டர் மரம் காற்றிலிருந்து நைட்ரஜனை எடுப்பதால், அதன் சருகு மட்கும் இடத்தில் அண்டை மரங்களின் அளவும் 0 பக்கம் இழுபடும். அந்த இடத்தைத் தவிருங்கள்.

இந்தச் சதவீதம் சத்தின் பங்கைத்தான் சொல்லும், வளர்ச்சியை அல்ல. அதற்கு ஆண்டு வளையங்களை அளக்க வேண்டும். அலாஸ்காவின் ஹான்சன் ஓடையில் ஆய்வாளர்கள் 20 ஆண்டுகள் ஒரே கரையில் சுமார் 2,67,000 கிலோ இறந்த சால்மனை எறிந்து வந்தார்கள். அந்தக் கரையின் ஸ்ப்ரூஸ் மரங்கள் வேகமாக வளர்ந்ததை வளையங்களே காட்டின.