கார் ரேடியோ செட்டைக் கழற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் ஓடும் விட்ஸ், அக்குவா, ஆக்சியோ என்று நிறையக் கார்கள் ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்தவை. அவற்றின் பழைய செட்டுகள் பெரும்பாலும் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். நம் எப்.எம். வானொலிகள் இருப்பதோ 87.5 முதல் 108 வரை. ஹபரணை வரை பாட்டுக் கேட்டுக்கொண்டே போகலாம் என்றால் பாதி ஸ்டேஷன்கூடக் கிடைக்காது. அதனால்தான் பலர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்குரூ டிரைவரோடு டாஷ்போர்ட்டுக்கு முன்னால் உட்காருகிறார்கள்.

உட்காருமுன் ஒன்றை யோசியுங்கள். ரேடியோ மட்டும்தான் குறை என்றால் செட்டை மாற்றவே தேவையில்லை. அன்டெனா வயருக்கும் செட்டுக்கும் நடுவில் பேண்ட் எக்ஸ்பாண்டர் என்ற சின்னப் பெட்டியைப் பொருத்தினால் போதும். திரையில் எண் வேறாகக் காட்டும், பாட்டு வரும். அதைப் பொருத்தவும் செட்டை வெளியே இழுக்கத்தான் வேண்டும், ஆனால் எதையும் வெட்ட வேண்டியதில்லை.

அடுத்தது பற்றரி. சாவியை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. செட்டுக்குப் போகும் ஒரு வயரில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும். நெகட்டிவ் முனையைக் கழற்றி, குறைந்தது 90 விநாடி பொறுங்கள். டொயோட்டா கார்களில் ஏர்பேக் அமைப்பில் தேங்கிய மின்சாரம் வடிய அந்த நேரம் வேண்டும், சில கம்பனிகள் இன்னும் கூடுதலாகச் சொல்கின்றன. அக்குவாவில் 12 வோல்ட் பற்றரி பொனட்டுக்குள் இருக்காது, பின்பக்கம் தேடுங்கள். செம்மஞ்சள் நிறத் தடித்த வயர்கள் ஹைபிரிட் பற்றரிக்கு உரியவை, கிட்டவே போகாதீர்கள்.

ஆனால் பற்றரியைக் கழற்றுமுன் இரண்டு வேலை இருக்கிறது. செட்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பேனலைக் கழற்றக் கியர் கம்பி இடைஞ்சலாக இருந்தால், ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சில்லுக்குக் கல் வைத்து, கியரை முதலிலேயே நகர்த்திவிடுங்கள். மின்சாரம் போனபின் பல ஆட்டோ கார்களில் அது P-யை விட்டு அசையாது. இரண்டாவது, மேப் உள்ள டொயோட்டா செட் என்றால் அதன் எஸ்டி கார்ட் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். கார்ட் இல்லாமல் மின்சாரம் போய் வந்தால் சில செட்டுகள் பூட்டிக்கொள்ளும். சில ஹொண்டா செட்டுகள் கோட் எண் கேட்கும்.

சரி, பேனல். பல வருட வெயிலில் காய்ந்த கிளிப் பலமாக இழுத்தால் சட்டென்று முறியும். இரும்பு ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் விளிம்பில் வடு விழும், அது மறையாது. பிளாஸ்டிக் நெம்புகோலால் ஓரமாகத் தொடங்கி ஒவ்வொரு கிளிப்பாக விடுவியுங்கள். ஒரு இடம் வர மறுத்தால் அங்கே ஒளிந்த ஸ்குரூ ஆணி இருக்கும், பலத்தைக் கூட்டாமல் ஆணியைத் தேடுங்கள். பேனல் விடுபட்டதும் ஒரேயடியாக இழுக்கக் கூடாது. ஹசார்ட் சுவிட்ச், ஏ.சி. சுவிட்ச் வயர்கள் பின்னால் மாட்டியிருக்கும். கழற்றுமுன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனித்தான் உண்மையான ஆபத்து. காரின் கப்ளரை, அதாவது செட்டின் பின்னால் வயர்களை ஒன்றாக மாட்டும் பிளக்கை வெட்டி, புதிய செட்டின் வயரோடு நிறத்துக்கு நிறம் முறுக்குகிறார்கள். இதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். டொயோட்டாவில் சாம்பல் நிற வயர் பொதுவாகச் சாவி போட்டதும் 12 வோல்ட் தருவது. வெளியில் வாங்கும் செட்டில் சாம்பல் நிறம் முன் வலது ஸ்பீக்கர். டொயோட்டாவில் பச்சை டாஷ்போர்ட் விளக்குக்கு வரும் மின்சாரம், புதிய செட்டில் பச்சை பின் இடது ஸ்பீக்கர். சாம்பலோடு சாம்பலைச் சேர்த்தால் 12 வோல்ட் நேராக ஸ்பீக்கர் வழியில் ஏறி, உள்ளிருக்கும் அம்ப்ளிபயர் போய்விடும்.

காரின் கப்ளரையும் புதிய செட்டின் வயர்களையும் இணைக்கும், உங்கள் மாடலுக்கான மாற்றுக் கப்ளர் வாங்குங்கள். புதிய செட்டைவிட அது மிக மலிவு. கார் வயரில் ஒரு வெட்டும் விழாது, விற்கும் நாளில் பழைய செட்டை அப்படியே மாட்டலாம். புதிய செட்டுப் பக்கம் இணைக்க நேர்ந்தால் ஈயம் வைத்து, சூடு பட்டால் சுருங்கும் பிளாஸ்டிக் குழாய் போட்டு மூடுங்கள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையோரம் வீடு என்றால் இது இன்னும் முக்கியம். உப்புக் காற்றில் வெறுமனே முறுக்கிய செம்பு பச்சை பூக்கும், வெயிலில் டேப்பின் பசை இளகிக் கழன்றுவிடும்.

அளவையும் பார்த்து வாங்குங்கள். டொயோட்டாவின் அகல செட் 200 மில்லிமீற்றர், இரட்டை டின் எனப்படும் வழக்கமான அளவு செட் 178. இடைவெளிக்குப் பக்கத் துண்டு வேண்டும். அப்புறம் புதிய செட்டிலிருந்து அன்டெனாவுக்கு மின்சாரம் தரும் நீல வயரை மறக்காதீர்கள். பல கார்களில் அன்டெனாவோடு, சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் இருக்கும், அதற்கு 12 வோல்ட் போகாவிட்டால் ரேடியோ இரையும், பழி புதிய செட்டின் மேல் விழும்.

எல்லா ஆணியையும் முறுக்கிப் பேனலை அடைக்குமுன் சோதித்துப் பாருங்கள். கழற்றிய ஒவ்வொரு கப்ளரையும் திரும்ப மாட்டிய பிறகுதான் பற்றரியை இணைக்க வேண்டும், ஏர்பேக் சம்பந்தப்பட்ட கப்ளர் கழன்றிருக்கச் சாவியைப் போட்டால் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும். நான்கு ஸ்பீக்கரும் தனித்தனியாக ஒலிக்கிறதா, ஹசார்ட் விளக்கும் ஏ.சி.யும் வேலை செய்கின்றனவா என்று பார்த்தபின் பேனலை அழுத்துங்கள்.