ஃப்ளிக் ஏன் கவிழ்கிறது? அல்டிமேட்டில் டிஸ்க் வீசும்போது செய்யும் தவறுகள்

ஃபிரிஸ்பி போன்ற பிளாஸ்டிக் தட்டை (டிஸ்க்) கைமாற்றி இரண்டு அணிகள் ஆடும் ஆட்டம் அல்டிமேட். அதை ஆட வந்த புதிதில் பெரும்பாலும் எல்லோரும் பலத்தைத்தான் நம்புகிறார்கள். வீசிய டிஸ்க் பாதியிலேயே கவிழ்ந்துவிட்டதா? அடுத்த முறை இன்னும் ஓங்கி வீசுவார்கள். அது இன்னும் சீக்கிரம் கவிழும்.

175 கிராம் எடையுள்ள அந்தத் தட்டைக் காற்றில் நிலையாக வைத்திருப்பது சுழற்சி. பறக்கும் டிஸ்க்கைக் காற்று எந்நேரமும் ஒரு பக்கம் சாய்க்கப் பார்க்கும். வேகம் கூடக் கூட அந்தச் சாய்ப்பும் கூடும். போதுமான சுழற்சி இருந்தால் டிஸ்க் தாக்குப்பிடிக்கும், இல்லையென்றால் தள்ளாடிச் சரியும். கையை ஓங்கினால் வேகம் வரும், ஆனால் சுழற்சி வருவது மணிக்கட்டின் சொடுக்கில். சொடுக்கு இல்லாமல் பலத்தை மட்டும் கூட்டினால் கோளாறுதான் கூடும்.

இது அதிகம் மாட்டிக்கொள்வது ஃபோர்ஹேண்டில், அதாவது ஆட்டக்காரர்கள் ஃப்ளிக் என்று சொல்லும் வீச்சில். நம் ஊரில் இதற்குக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு: கிரிக்கெட். பந்தைப் பக்கவாட்டில் எறிந்து பழகிய கை, வீசி முடிக்கும்போது தானாகவே மணிக்கட்டைப் புரட்டி உள்ளங்கையைத் தரைப் பக்கம் கொண்டுவந்துவிடும். பந்துக்கு அதனால் நஷ்டமில்லை. டிஸ்க்கிலோ வெளிவிளிம்பு, அதாவது உடம்பிலிருந்து விலகியிருக்கும் பக்கம், மேலே எழும்பிவிடுகிறது. வலக்கைக்காரர் வீசியிருந்தால் அது இடப்பக்கமாகக் கவிழ்ந்து, விளிம்பில் நின்று தரையில் உருண்டு ஓடும். பத்துப் புதியவர்களை வீசச் சொன்னால் இந்த உருட்டலைப் பார்க்காமல் வீட்டுக்குப் போக முடியாது.

வீசி முடித்த பிறகும் உள்ளங்கை வானத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். டிஸ்க் போனதும் கையை அப்படியே நிறுத்தி, உள்ளங்கை எங்கே பார்க்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். வெளிவிளிம்பைச் சற்றுத் தாழ்த்தி விடுவதும் உதவும்.

அப்புறம் பிடி. நடுவிரலின் சதைப்பகுதி டிஸ்க்கின் உள்விளிம்பில் நன்றாக அழுந்தியிருக்க வேண்டும், ஏனென்றால் சுழற்சியைக் கொடுப்பதே அந்த விரல்தான். ஆட்காட்டி விரலைப் பிரித்து டிஸ்க்கின் நடுப்பக்கம் நீட்டி வைப்பது, சாயாமல் பிடிக்கத் தொடக்கத்தில் உதவும், தப்பில்லை. ஆனால் மாதக்கணக்கில் அதிலேயே தங்கிவிட்டால் சொடுக்கில் பலம் சேராது. இரண்டு விரல்களையும் ஒட்டி வைத்துப் பழகுவது நல்லது. கட்டைவிரல் மேலே இறுக்கமாக இருக்கட்டும். பிடி தளர்ந்திருந்தால் டிஸ்க் கையை விட்டுக் கிளம்பும்போதே தள்ளாடும்.

இதற்கெல்லாம் சேர்த்து ஒரே பயிற்சி போதும். முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஐந்தாறு மீட்டர் தூரத்தில் நிற்கும் நண்பருக்கு மணிக்கட்டால் மட்டும் வீசுங்கள். ஈரத் துண்டை உதறும்போது கை சட்டென நிற்குமே, அப்படி நிற்க வேண்டும். டிஸ்க் தள்ளாடாமல் போய்ச் சேரத் தொடங்கியதும் ஓரடி பின்னால் தள்ளி நில்லுங்கள். சலிப்பான பயிற்சிதான். பலர் இரண்டாம் நாளே இதை விட்டுவிட்டு மறுபடி ஓங்கி வீசப் போய்விடுகிறார்கள்.

பேக்ஹேண்ட், அதாவது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசுவது, எல்லோருக்கும் ஓரளவு வந்துவிடுகிறது, அதனாலேயே யாரும் அதைத் திருத்திக்கொள்வதில்லை. அதில் வழக்கமான குறை, டிஸ்க் மேலே ஏறி, ஒரு கணம் நின்று, பிறகு வழுக்கி விழுவது. முன்விளிம்பு தூக்கியிருப்பதுதான் காரணம். முழங்கால் உயரத்தில் கையைத் தொடங்கித் தோளுக்கு மேலே கொண்டுபோய் முடிப்பவர்களுக்கு இது தவறாமல் நடக்கும். கை தரைக்கு இணையாகப் போகட்டும். மார்பைத் திறந்து நிற்காமல், வீசும் திசைக்குத் தோளைக் காட்டி நில்லுங்கள்.

காற்றடித்தால் இந்தக் குறை பெரிதாகிவிடும். சென்னையில் கடற்கரையில் ஆடுபவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். மாலைக் கடற்காற்றை எதிர்த்துக் கடல் பக்கமாக வீசிய பாஸ், முன்விளிம்பு கொஞ்சம் தூக்கியிருந்தாலே ஜிவ்வென்று மேலேறி, வீசியவர் தலைக்கு மேலேயே திரும்பி வரும். எதிர்காற்றுக்குத் தாழ்வாக, முன்விளிம்பைச் சற்றே இறக்கி, சொடுக்கைக் கூட்டி வீச வேண்டும். பின்காற்றில் நேர்மாறு: டிஸ்க் சீக்கிரம் இறங்கிவிடும், முன்விளிம்பைக் கொஞ்சம் தூக்கியே விடலாம். பக்கக்காற்றில் டிஸ்க்கின் அடிப்பக்கத்தைக் காற்றுக்குக் காட்டினால் தூக்கிக்கொண்டு போய்விடும். காற்று பலமாக இருக்கிறது என்று பயிற்சியை ரத்து செய்யும் அணிகள் இருக்கின்றன. எனக்கு அது புரிவதே இல்லை. போட்டியன்று காற்றை யாரிடம் சொல்லி நிறுத்துவது?

கால் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வலக்கைக்காரருக்குப் பிவட், அதாவது ஊன்றி நிற்கும் கால், இடது கால். ஃப்ளிக்காக இருந்தாலும் பேக்ஹேண்டாக இருந்தாலும் அது நகரக் கூடாது, நகர்ந்தால் டிராவல் என்ற விதிமீறல். வலது காலைத்தான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அகலமாக எடுத்து வைக்க வேண்டும். விறைப்பாக நின்ற இடத்தில் நின்று வீசுபவரை மடக்குவது, வீச்சைத் தடுக்க எதிரே நிற்கும் மார்க்கருக்கு ரொம்பச் சுலபம்.

பெரிய ஓட்டை பயிற்சி முறையில்தான் இருக்கிறது. இரண்டு பேர் எதிரெதிரே நின்றுகொண்டு அரை மணி நேரம் பேசிக்கொண்டே வீசுவார்கள். எதிரே யாரும் இல்லை, கால் அசையவில்லை, வாங்குபவரும் ஓடவில்லை. ஆட்டத்தில் ஒரு டிஸ்க் அகல இடைவெளியில் ஒருவர் கைகளை விரித்து நின்று “ஸ்டாலிங், ஒன், டூ” என்று எண்ணிக்கொண்டிருப்பார்; பத்து வருவதற்குள் வீசியாக வேண்டும். அந்தச் சத்தத்திலேயே பாதிப் பேருக்கு மணிக்கட்டு இறுகிவிடும். மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்து மார்க் பண்ணச் சொல்லுங்கள். ஒரு பக்கம் வீசுவதாகப் போக்குக் காட்டி, காலை மாற்றி, மறுபக்கம் வீசிப் பழகுங்கள். ஓடுகிறவருக்கு வீசும்போது அவர் இருக்கும் இடத்துக்கு வீசாமல் இரண்டு அடி முன்னால் வீசுங்கள். பக்கத்தில் நிற்பவருக்கு அறைகிற மாதிரி விடுவதும் தவறுதான், கை வலிக்கும், டிஸ்க்கும் நழுவும்.

நீளமாக வீசும் ஆசையைக் கொஞ்சம் ஒத்திப் போடலாம். 100 மீட்டர் மைதானத்தில் இரு முனைகளிலும் 18 மீட்டர் எண்ட் ஸோன் (டிஸ்க்கைப் பிடித்தால் புள்ளி கிடைக்கும் பகுதி) போக, நடுவில் மிஞ்சுவது 64 மீட்டர். தவறாமல் போய்ச் சேரும் பத்து, பதினைந்து மீட்டர் பாஸ்களை வைத்தே அதைக் கடந்துவிடலாம். தலைக்கு மேலே தலைகீழாக விடும் ஹேமர் பார்க்க அழகுதான், ஆனால் ஃப்ளிக் கவிழாமல் போகும் வரை அதைத் தொடாதீர்கள். எண்ணிக்கை ஆறைத் தாண்டியும் முன்னால் யாரும் கிடைக்கவில்லையா? பத்து வரும்வரை காத்திருந்து பதறிப்போய் வீசாமல், பின்னால் நிற்பவர் பக்கம் திரும்பி டம்ப் பாஸ் கொடுத்துவிடுங்கள். சரி, கொஞ்சம் தூரம் பின்னால் போகும், ஆனால் டிஸ்க் உங்கள் அணியிடமே இருக்கும்.