காடும் கடலும் உள்ள தேசியப் பூங்காவுக்கு முதல் பயணமா? கடல் நேரத்திலிருந்து தொடங்குங்கள்

முதல் தடவை போனபோது நான் போட்ட திட்டம் பார்க்க ரொம்ப அழகாக இருந்தது: காலையில் கடற்கரை, வெயில் ஏறியதும் மரநிழலில் நடை. போய் நின்றால் கரையையே காணோம், பாறைச் சுவரின் அடிவரை தண்ணீர். கடல் ஏறியிருந்த நேரமாகப் பார்த்துப் போயிருக்கிறேன், அப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் உறைத்தது. அதிலிருந்து வரிசையை மாற்றிவிட்டேன். தங்குமிடம், வண்டி எல்லாம் அப்புறம்.

படி 1: ஓத அட்டவணையைப் பாருங்கள்

கடல் ஏறி இறங்குவதுதான் ஓதம். பெரும்பாலான கரைகளில் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும், ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே சுமார் 6 மணி நேரம். இந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 9 மணிக்குக் கடல் முழுதாக இறங்குகிறது என்றால் நாளை 9.50, நான்கு நாள் கழித்துப் போனால் நண்பகல் தாண்டிவிடும். பாறைக் குட்டைகளில் நட்சத்திர மீன் பார்க்கும் ஆசை இருந்தால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களைப் பிடியுங்கள், அப்போது கடல் அதிகமாக உள்வாங்கும். அதே நாட்களில் அதிகமாக ஏறவும் செய்யும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஏறுகிற கடல் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. 6 மணி நேரத்தில் வரும் தண்ணீரை 12 பங்காக வைத்தால் மணிக்கு 1, 2, 3, 3, 2, 1 என்று வரும், அதாவது நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்திலேயே பாதித் தண்ணீர் வந்துவிடும். 'இப்போதுதானே ஏற ஆரம்பித்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம்' என்று நடந்தவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

நியூசிலாந்தின் ஏபல் டாஸ்மன் பூங்காவில் 60 கிலோமீட்டர் கரையோரப் பாதை இருக்கிறது, நடுவில் அவரோவா என்ற கழிமுகம். கடல் முழுதாக இறங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பிருந்து இரண்டு மணி நேரம் பின்புவரைதான் அதைக் கடக்க முடியும், சுற்றிப்போக வேறு பாதை கிடையாது. அமெரிக்காவின் அகேடியா பூங்காவில் பார் தீவுக்கு மணல்திட்டு வழியாக நடந்தே போகலாம், அதுவும் இறக்கத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம்தான். (அந்தத் திட்டில் காரை நிறுத்திவிட்டுப் போய், திரும்பி வந்து கடலுக்குள் காரைப் பார்த்தவர்களும் உண்டு.)

ஒரு சின்ன பொறி: கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாடுகளில், சில அட்டவணைகள் அந்த மாற்றத்தைச் சேர்க்காமலே அச்சாகும். எந்த நேரக் கணக்கு என்று ஓரத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், படியுங்கள்.

படி 2: மீதி நேரத்தைக் காட்டுக்குக் கொடுங்கள்

கடல் இறங்கும் நேரத்தைக் காகிதத்தில் குறித்துவிட்டால் நாள் தானாகவே பிரிந்துவிடும். இறக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே கரைக்குப் போய், இறங்கும் தண்ணீரோடு நடந்து, அது திரும்பும்போது நீங்களும் திரும்புங்கள். ஏறியிருக்கும் நேரம் காட்டுக்கு.

காட்டு நடைக்கு 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். அவர் சொன்னது நன்றாக நடக்கிறவர்களுக்கு. குழந்தைகள் இருந்தால், சேறு இருந்தால், படம் எடுத்துக்கொண்டே நடக்கிற ஆள் கூட இருந்தால் தாராளமாக ஒன்றரை மடங்காக்குங்கள். அடர்ந்த மரங்களுக்குக் கீழே சூரியன் மறையும் முன்பே இருட்டிவிடும், ஆகவே திரும்பும் நேரத்தைக் கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள். பலத்த காற்று என்று முன்னறிவிப்பு வந்தால் காட்டு நடையை விட்டுவிடுங்கள், கிளை முறிந்து விழும்.

படி 3: முன்பதிவு

இப்போதுதான் தங்குமிடம். காட்டுக்கு ஒரு விடுதி, கடலுக்கு ஒரு விடுதி என்று மாறாதீர்கள், பாதி நாள் மூட்டை கட்டுவதிலேயே போகும். பூங்காவின் அதிகாரப்பூர்வ தளத்தில் பெர்மிட் தேவையா, எந்தப் பாதை மூடியிருக்கிறது, உணவை எப்படி வைக்க வேண்டும் என்று பாருங்கள். அமெரிக்காவின் ஒலிம்பிக் பூங்காவின் கடற்கரையில் இரவு தங்குகிறவர்கள் உணவைக் கெட்டியான டப்பாவில் பூட்டி வைத்தாக வேண்டும்; ரக்கூன்கள் பையைக் கிழித்துவிடும்.

படி 4: பை

ஈரமானாலும் வழுக்காத ஷூ, மழைச்சட்டை, தலையில் மாட்டும் டார்ச், தண்ணீர். பருத்தியை விடச் சீக்கிரம் உலரும் துணி நல்லது, கடற்காற்றில் ஈரத் துணி உடம்பைச் சில்லிட வைத்துவிடும். கூர்முனைச் சாமணம் ஒன்று கட்டாயம். காட்டிலிருந்து வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், முடி ஓரம் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய் தடவுவது, நெருப்பு காட்டுவது எதுவும் வேண்டாம்.

மேப்பை ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள், ஓத அட்டவணையை மட்டும் தாளிலேயே எழுதி இரண்டு பிரதி வையுங்கள். ஒன்று உங்கள் சட்டைப் பையில், இன்னொன்று, எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்ற குறிப்போடு, தங்குமிடத்தில் இருப்பவரிடம்.