ஃபேன் விக்கியில சோர்ஸும் லேபிளும் ஒழுங்கா போடுறது எப்படி (ஒன் பீஸ் உதாரணத்தோட)

ஃபேன் விக்கில (ரசிகர்களே சேந்து எழுதுற விக்கி தளம்) பாதி சண்டை "இது கேனான் இல்ல"ன்னுதான் வரும், கேனான்னா மூலக் கதையில அதிகாரப்பூர்வமா சேர்ற விஷயம். காரணம் சிம்பிள், எழுதினவர் எங்க பாத்தாருன்னு சொல்லவே இல்ல, சொன்னாலும் "அனிமேல வரும்"னு மொட்டையா விட்டுட்டு போயிருப்பாரு.

ஒன் பீஸையே எடுத்துக்கோங்க, ஓடா வரையுற மாங்கா (ஜப்பான் காமிக்ஸ்), அத வச்சு எடுத்த அனிமேயும் (கார்ட்டூன் தொடர்) இருக்கு. ஷாங்க்ஸ்ன்ற கடற்கொள்ளைக்காரர் ஹீரோ லூஃபிய காப்பாத்தப் போயி கைய இழக்குற சீன் மாங்காவுல சாப்டர் 1, உடனே அனிமேலயும் எபிசோட் 1தான்னு கண்ண மூடிட்டு போட்டுடுவாங்க, ஆனா அனிமே அந்த ஃப்ளாஷ்பேக்க எபிசோட் 4க்கு தள்ளிடுச்சு, எபிசோட் 1ல வர்ற அல்விடா, கோபி கதையெல்லாம் மாங்காவுல சாப்டர் 2. அதனால ரெண்டையும் திறந்து பாத்துட்டு ரெண்டு நம்பரும் தனித்தனியா போடுங்க. லூஃபியோட முதல் பவுண்டி (தலைக்கு வச்ச விலை) 3 கோடி பெரின்னு (கதையில வர்ற காசு) எழுதுறீங்களா, சாப்டர் 96, எபிசோட் 45ன்னு அந்த வரி முடியுற இடத்துலயே ரெஃப் (ஆதாரக் குறிப்பு) வைங்க. பாரா கடைசியில ஒரே ஒரு ரெஃப் வச்சா எந்த வரிக்கு எது ஆதாரம்னு யாருக்கும் புரியாது, நடுவுல வேற யாராவது ரெண்டு வரி சேத்துட்டா அதுக்கும் அதே ரெஃப்தான்ற மாதிரி ஆயிடும்.

ஒரே சாப்டர் பத்து இடத்துல வருதுன்னா ரெஃப் டேகுக்கு ஒரு பேர் வச்சிடுங்க, அடுத்த தடவை அந்த பேர மட்டும் போட்டா போதும். "சாப்96" மாதிரி பேர் வைங்க, "ரெஃப்1"னு வச்சா அடுத்து எடிட் பண்றவன் திட்டுவான்.

எஸ்பிஎஸ்னு வாசகர் கேள்விக்கு ஓடா பதில் சொல்ற பகுதி, வால்யூம் 4ல இருந்து வருது. அதுக்கு வால்யூம் நம்பரும் பக்கமும் வேணும், சும்மா "ஓடாவே சொன்னாரு"ன்னா செல்லாது. இன்டர்வியூ, ட்வீட் லிங்க்னா வேபேக் மெஷின்ல (பழைய வெப் பக்கங்கள சேத்து வைக்கிற தளம்) சேவ் பண்ணி அந்த லிங்கையும் கூடவே போட்டுடுங்க, ஒரிஜினல் என்னைக்கு காணாம போகும்னு சொல்ல முடியாது.

இப்ப லேபிள், அதாவது கேனானா இல்லையான்னு காட்டுற குறிப்பு. இங்கதான் நிறைய பேர் சொதப்புறாங்க, பக்கத்துக்கு மேல ஒரு பேனர் ஒட்டிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்கிறாங்க. ஜி-8 ஆர்க்குக்கு (ஆர்க்னா கதையில ஒரு பகுதி) அது ஓகே, எபிசோட் 196-206 முழுசும் மாங்காவுல இல்லாம அனிமேக்காரங்களே சேத்தது, அதாவது ஃபில்லர் (ஃபில்லர்னாலும் செம ஃபில்லர்). ஆனா ஷிக்கின்ற வில்லனோட பக்கத்துல என்ன பண்ணுவீங்க? 2009ல வந்த ஸ்ட்ராங் வேர்ல்ட் படத்துக்கு கதை எழுதினதே ஓடாதான், ஷிக்கி மாங்காவுலயும் உண்டு, ஆனா படத்துல நடக்குற சம்பவம் மெயின் கதையில சேராது. "நான்-கேனான்"னு பக்கம் முழுக்க ஒட்டினாலும் தப்பு, ஒட்டாம விட்டாலும் தப்பு. படத்துக்கு மட்டும் தனி செக்‌ஷன் பிரிச்சு அதுக்கு மேல லேபிள் வைங்க. 2023ல வந்த நெட்ஃபிளிக்ஸ் சீரிஸ்ல மாத்தினதையும் இதே மாதிரி தனியா வைங்க, ஹிஸ்டரி செக்‌ஷனுக்குள்ள கலந்துட்டா அப்புறம் பிரிக்கவே முடியாது.

சோர்ஸ் கிடைக்கலன்னா உடனே அழிக்காதீங்க, ஆதாரம் தேவைன்ற டேக் போட்டு டாக் பேஜ்ல (அந்தப் பக்கத்தோட விவாதப் பக்கம்) கேளுங்க. பவர் லெவல், காதல் ஜோடி மாதிரி கப்ஸான்னா மட்டும் யோசிக்காம தூக்கிடலாம். எதப் பண்ணாலும் எடிட் சம்மரில (எடிட்டோட சேத்து எழுதுற சின்னக் குறிப்பு) காரணம் எழுதிடுங்க, இல்லன்னா அட்மின் என்ன ஏதுன்னு பாக்காம ரிவர்ட் அடிச்சிட்டு (பழையபடி மாத்திட்டு) போயிடுவாரு.