சோலார் பூட்டப் போகிறீர்களா? 25 வருட உத்தரவாதத்தை முதலில் பிரித்துப் பாருங்கள்

கொழும்பில் சோலார் விற்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது 25 வருடம் என்ற எண்ணைத்தான். அது எந்தப் பாகத்துக்கு, யார் பொறுப்பு, பழுதானால் கூரையில் ஏறப்போவது யார் என்று கேட்டால் பேச்சு கொஞ்சம் தடுமாறும். அதனால் முற்பணம் கட்டும் முன்பே கீழே உள்ளவற்றைச் செய்துவிடுங்கள். காசு கை மாறிய பிறகு கேட்டால் பதில் மெதுவாகத்தான் வரும்.

படி 1: கொட்டேஷனில் சிறிய எண்ணைத் தேடுங்கள்

கூரையில் ஏறுவது ஒரே பொருள் இல்லை, உத்தரவாதமும் ஒன்றில்லை. ஒரு வெள்ளைத்தாளில் நான்கு வரி எழுதுங்கள்: பனலின் தயாரிப்புக் குறைபாடு, பனலின் உற்பத்தி அளவு, இன்வேட்டர் (பனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி), பூட்டும் வேலை. ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை வருடம், தருவது யார் என்று நிரப்புங்கள். பெரும்பாலும் முதலாவது 10 முதல் 15 வருடம் வரை (இப்போது சில கம்பனிகள் 25 வரை போகின்றன), இரண்டாவது 25 அல்லது 30, மூன்றாவது 5 அல்லது 10 என்று இருக்கும். நான்காவது வரி பல கொட்டேஷன்களில் இருக்கவே இருக்காது. பற்றரியும் சேர்த்து வாங்கினால் ஐந்தாவது வரி ஒன்று போடுங்கள். அதில் வருடக் கணக்கோடு எத்தனை தடவை சார்ஜ் ஏறி இறங்கலாம் என்ற வரம்பும் இருக்கும், எது முதலில் முடிகிறதோ அதுதான் கணக்கு.

படி 2: உற்பத்தி உத்தரவாதத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

விளம்பரத்தில் வரும் 25 இதுதான். பனல் 25 வருடமும் முழு அளவில் மின்சாரம் தரும் என்று இது சொல்வதில்லை, எவ்வளவுக்குக் கீழே இறங்காது என்று மட்டும்தான் சொல்கிறது. வழமையான ஒரு பனலின் தாளில் முதல் வருடம் 2 சதவீதம், பிறகு வருடத்துக்கு 0.55 சதவீதம் குறையலாம் என்று இருக்கும். 25ஆம் வருட முடிவில் 84.8 சதவீதம் மிஞ்ச வேண்டும். என்-டைப் என்ற புதிய ரகப் பனலில் முதல் வருடம் 1, பிறகு 0.4 என்று போய் 30ஆம் வருடத்தில் 87.4இல் நிற்கும்.

பனல் இதைவிடக் குறைந்துவிட்டது என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். அளவிடுவதும் 25 பாகை வெப்பத்தில், ஆய்வுகூட ஒளியில். மத்தியான வெயிலில் உங்கள் கூரைப் பனல் 60 பாகையைத் தொட்டால், பாகைக்கு 0.35 சதவீதம் என்று வைத்தாலும் 12 சதவீதம் அந்த நேரத்துக்குக் குறையும். அது பழுதில்லை, இயல்பு. இதற்கு மேல் பல கம்பனிகள் அளவீட்டுப் பிழை என்று 3 சதவீதத்தையும் கழித்துக்கொள்ளும். ஆகவே ஒரு வீட்டுக்காரர் இந்த உத்தரவாதத்தை வைத்துப் பணம் வாங்குவது அபூர்வம். தயாரிப்புக் குறைபாட்டுக்கான வருடம் எத்தனை என்று பார்த்து விலை பேசுவதுதான் கெட்டித்தனம்.

நல்ல செய்தியும் உண்டு. உலகெங்கும் எடுத்த அளவீடுகளை அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்று 2012இல் தொகுத்தபோது, பனல்களின் நடுத்தரத் தேய்வு வருடத்துக்கு 0.5 சதவீதம்தான் என்று தெரிந்தது. பனல் நின்று உழைக்கும். சறுக்குவது மற்ற இடங்களில்.

படி 3: இன்வேட்டரைத் துருவிக் கேளுங்கள்

முதலில் மாற்ற வேண்டி வருவது இதுதான். 2016இல் தொடங்கிய சூரிய பல சங்கிராமய என்ற கூரைச் சோலார் திட்டத்தில் மின்சார சபையின் ஒப்பந்தம் 20 வருடம். சபை வாங்கும் யூனிட்டுக்கு முதல் 7 வருடம் 22 ரூபா, பிறகு 15 ரூபா 50 சதம். அப்போது சேர்ந்தவர்களில் பலருக்கு விலை இறங்கியதும் இன்வேட்டர் உத்தரவாதம் முடிந்ததும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில். எனவே 20 வருடத்துக்குள் ஒரு இன்வேட்டர் செலவை இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

விற்பவரிடம் மூன்று கேள்விகள். உள்ளூர் முகவர் யார்? பழுதானால் எத்தனை நாளில் மாற்றித் தருவார்கள்? அதுவரை ஓட மாற்று இன்வேட்டர் உண்டா? மழை பெய்யும் ஒரு வாரத்தில் பழுதானால் பரவாயில்லை. பெப்ரவரி வெயிலில் ஒரு மாதம் சும்மா கிடந்தால்தான் வலிக்கும். நீடித்த உத்தரவாதம் என்றால், சீரியல் இலக்கத்தைக் கம்பனியின் இணையத்தளத்தில் பதிந்த பிறகுதான் அது செல்லுபடியாகுமா என்றும் கேளுங்கள்.

மத்தியானத்தில் மட்டும் இன்வேட்டர் நின்று நின்று வேலை செய்தால் உடனே பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரே ஒழுங்கையில் பல வீடுகள் சோலார் போட்டிருந்தால் லைனில் வோல்டேஜ் ஏறி, இன்வேட்டர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். நம் நாட்டு அளவு 230 வோல்ட், 6 சதவீதம் கூடக் குறைய. திரையில் 244க்கு மேல் காட்டினால் படம் எடுத்து உங்களுக்கு மின்சாரம் தரும் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். இப்படி அணைந்து இழக்கும் யூனிட்டுகளுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 2025 ஏப்ரல் புதுவருட விடுமுறையில் பாவனை குறைந்ததால் கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டது நினைவிருக்கும். அப்படிப் போன யூனிட்டுகளும் உத்தரவாதத்தில் வராது.

படி 4: பூட்டுபவரிடம் எழுத்தில் வாங்குங்கள்

கூரை ஒழுகுவது, ஆணி கழல்வது, வயர் இணைப்பு சூடாவது எல்லாம் இவர் பக்கம். அஸ்பெஸ்டஸ் கூரை என்றால் துளை போடும் இடத்தில் சீற் வெடித்தால் யார் பொறுப்பு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். பனல் கம்பனி பழுதான பனலுக்குப் பதில் ஒரு பனல் தரும், அவ்வளவுதான். அதைக் கழற்ற, ஏற்றி இறக்க, திரும்பப் பூட்ட ஆகும் கூலி பெரும்பாலும் உங்கள் தலையில். "கழற்றிப் பூட்டும் செலவு எங்களுடையது, இத்தனை வருடத்துக்கு" என்ற ஒரு வரியைக் கொட்டேஷனில் போடச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

கம்பனியே மறைந்துவிட்டால்? பெரிய பெயர்களுக்கும் அது நடந்திருக்கிறது. சீனாவின் சன்டெக்கின் முக்கிய நிறுவனம் 2013இலும், ஜேர்மனியின் சோலார்வேர்ல்ட் 2017இலும் நொடித்தன. எல்.ஜி. 2022இல் பனல் தொழிலை விட்டது, ஆனால் விற்றதற்குப் பொறுப்பேற்பதாகச் சொன்னது. அதனால் இறக்குமதியாளரிடமிருந்து சீரியல் இலக்கங்களோடு தனிக் கடிதம் ஒன்றும் வாங்கி வையுங்கள்.

படி 5: கடலும் மின்னலும்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைக்காரர்கள் இதை விட்டுவிட வேண்டாம். கடலிலிருந்து இத்தனை மீற்றருக்குள் என்றால் உத்தரவாதம் இல்லை என்ற நிபந்தனை சில தாள்களில் உண்டு. அந்த எண்ணைக் கேட்டு, தொலைபேசி வரைபடத்தில் வீட்டிலிருந்து அளந்து பாருங்கள். உப்புக் காற்றுப் பரிசோதனையான ஐ.ஈ.சி. 61701 சான்றிதழ் இருக்கிறதா என்றும் பாருங்கள். நட்டும் ஆணியும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

மின்னலை எந்த உத்தரவாதமும் ஏற்காது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலை இடிமழை எப்படி வரும் என்று தெரியும்தானே. டீசி (பனல் பக்கம்), ஏசி (வீட்டு லைன் பக்கம்) இரண்டு பக்கமும் மின்னல் பாதுகாப்புக் கருவி, ஒழுங்கான ஏர்த், அப்புறம் வீட்டுக் காப்புறுதியில் சோலாரைச் சேர்த்ததற்கு எழுத்து மூல உறுதி. இந்த மூன்றும் வேண்டும்.

படி 6: பூட்டும் நாளில்

பனல் மேலே ஏறும் முன் ஒவ்வொன்றின் சீரியல் இலக்கத்தையும் படம் எடுங்கள். பிறகு எட்டாது. உற்பத்தியைக் காட்டும் ஆப்பில் உரிமையாளர் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். பூட்டுபவரின் கணக்கில் இருந்தால் அவரோடு சேர்ந்து தரவும் போய்விடும். பற்றுச்சீட்டின் பெயரையும் பாருங்கள். கனடாவில் இருக்கும் மகன் காசு அனுப்பி, கரண்ட் பில் அப்பா பெயரில் இருப்பது நம் வீடுகளில் சாதாரணம். எல்லாத் தாளும் பில்லில் உள்ள பெயரிலேயே இருந்தால் தொல்லை குறைவு.

முதல் வருடம் மாதா மாதம் யூனிட்டைக் குறித்து வையுங்கள். நிழல் இல்லாத கூரையில் 1 கிலோவாட்டுக்கு மாதம் 100 முதல் 120 யூனிட் வரை எதிர்பார்க்கலாம். அடுத்த வருடம் மே மாதத்தை மே மாதத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள். பெப்ரவரியோடு ஒப்பிட்டால் எந்தப் பனலும் பழுதாகத்தான் தெரியும்.

குறைவு உண்மைதான் என்றால் முதலில் தூசியையும் காக எச்சத்தையும் கழுவிப் பாருங்கள். மென்மையான துணி, காலை நேரம், சாதாரணத் தண்ணீர் போதும். பனல் மேல் ஏறி நடப்பதும் பிரஷர் வாஷர் அடிப்பதும் உத்தரவாதத்தையே இல்லாமல் ஆக்கும். அதற்குப் பிறகும் சரிவராவிட்டால் சீரியல் இலக்கம், பிழைக் குறியீட்டின் படம், இரண்டு வருட யூனிட் கணக்கு, பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் பூட்டியவருக்கும் இறக்குமதியாளருக்கும் சேர்த்து அனுப்புங்கள். வட்ஸ்அப்பில் பேசி முடிக்கப் பார்த்தால், விடாமல் மின்னஞ்சலிலேயே பதில் கேளுங்கள்.